நெகட்டிவ்வைத் திருப்பினால் எல்லாரும் நீலமாக வருகிறார்கள் (அம்மாவின் கலியாணப் படங்கள்)

ஆரையம்பதிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவின் கலியாணம் 1986இல் நடந்தது. அல்பம் நாவலடி வீட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த வீடும் இல்லை, அல்பமும் இல்லை. அம்மாவின் கலியாணப் படம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம்.

போன மாதம் கொக்கட்டிச்சோலையில் பெரியம்மா வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். சாமான் இறக்க உதவிக்கு மண்முனைப் பாலத்தால் போயிருந்தேன். பரணில் இருந்து ஒரு மலிபன் பிஸ்கட் டின் வந்தது. உள்ளே ஓடாத கைக்கடிகாரம் இரண்டு, எப்போதோ முடிந்துபோன சீட்டுக்கணக்கு ஒன்று, கடதாசிக் கவர் ஒன்று. கவருக்குள் நெகட்டிவ். ஸ்டூடியோக்காரர் அல்பத்தை மாப்பிள்ளை வீட்டுக்கும் நெகட்டிவ்வைப் பொம்பிளை வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார். பெரியம்மாவுக்கு அது மறந்தே போய்விட்டது. அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன பேய்க்கூட்டம்" என்று திருப்பித் தந்துவிட்டா.

ஒரு துண்டில் 4 படமாக 9 துண்டு இருக்கிறது. அதில் இரண்டு துண்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் ஈரம் போயிருக்கும் என்று பெரியம்மா சொன்னா. வேறாக, பெரிய சதுரமான கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்று. அது அம்மம்மா.

நான் செய்தது இதுதான். மகனின் டெப்பில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேல் நெகட்டிவ்வைப் பரப்பி, போனால் நேர் மேலிருந்து படம் எடுத்தேன். கணினியில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் போட்டேன். கன்ட்ரோல்-ஐ அமத்தினால் நிறம் திரும்பும் என்று எங்கோ வாசித்தது ஞாபகம். அமத்தினால் படம் அப்படியே இருக்கிறது, சுற்றிவர எறும்பு ஊர்வது போல ஒரு கோடு மட்டும் ஓடுகிறது. மூன்று தரம் அமத்தினேன். எறும்பு வருகிறது, போகிறது, மறுகாவும் வருகிறது. வேறொன்றும் நடக்கவில்லை.

என்ன பிழை விடுகிறேன்? ஒரு நெகட்டிவ்வை எடுத்தபடியே கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கல்முனைப் பொடியன்:

அக்கா, கன்ட்ரோல்-ஐ போட்டோஷொப் சோர்ட்கட். கிம்ப்பில் அதே பட்டன் தெரிவு செய்த பகுதியைத்தான் திருப்பும். நீங்கள் ஒன்றையும் தெரிவு செய்யாததால் முழுப் படத்தையும் தெரிவு செய்து காட்டுகிறது. எறும்பு அதுதான்.

கிம்ப்பில் மேலே கலர்ஸ் மெனுவுக்குப் போங்கள். இன்வெர்ட், லீனியர் இன்வெர்ட், வேல்யூ இன்வெர்ட் என்று மூன்று இருக்கும். முதலாவதை எடுங்கள். வேல்யூ இன்வெர்ட் வெளிச்சத்தை மட்டும் திருப்பி நிறத்தை அப்படியே விட்டுவிடும், உங்களுக்கு அது சரிவராது.

இன்னொன்று. அம்மாவுக்கு உடனே காட்ட வேண்டும் என்றால் போனின் செட்டிங்ஸில், அக்செசிபிலிட்டிக்குள் நிறம் திருப்பும் சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கமெராவைத் திறந்து நெகட்டிவ்வுக்கு மேல் பிடித்தால் திரையில் ஆட்கள் ஆட்களாகத் தெரிவார்கள். பேய் போய்விடும்.

ஆரையம்பதிப் பிள்ளை:

தம்பி, நன்றி. எறும்பு ஒழிந்தது. இன்வெர்ட் வேலை செய்கிறது. ஆனால் வந்த படத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிவபெருமானுக்குக்கூடக் கழுத்து மட்டும்தான் நீலம். இங்கே சின்ன மாமா தலை முதல் கால் வரை நீலம். வாழைமரம் நீலம், குத்துவிளக்கும் நீலம்.

கூறைச்சேலை சிவப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று சிவப்புக் கோலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சேலை மண் நிறத்துக்கு வந்தது. முகமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினது போல ஆகிவிட்டது. இரவு ஒரு மணி வரை இதே வேலை. நெகட்டிவ் பழுதாகிவிட்டதா? அப்படியென்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

அம்மம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் ஒரே அமத்தலில் வந்துவிட்டது. அதிலும் ஒரு விசயம். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கீறல். அது பூஞ்சணமா?

இருட்டறை:

மகள், விட்டுவிடாதீர்கள். நெகட்டிவ் பழுதாகவில்லை. கலர் நெகட்டிவ்வை வெறுமனே திருப்பினால் நீலம்தான் வரும். வராவிட்டால்தான் நான் யோசிப்பேன்.

நான் கல்முனைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொழில் பழகி, பிறகு கொழும்பில் ஒரு கலர் லேப்பில் ஆறு வருசம் இருட்டுக்குள் நின்றவன். இப்போது பேரன் வாங்கித் தந்த கணினியில் இதே வேலையை வெளிச்சத்தில் இருந்து செய்கிறேன்.

நீங்கள் போட்ட படத்தை இறக்கிப் பார்த்தேன். இரண்டு படத்துக்கு நடுவே ஒன்றும் பதியாத ஒடுக்கமான இடைவெளி இருக்கிறதல்லவா, அந்தச் செம்மஞ்சள் இடம். அதன் மேல் துளிக்குழாயை (ஓர் இடத்தின் நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவி) வைத்தேன். சிவப்பு 214, பச்சை 128, நீலம் 86. இன்வெர்ட் செய்யும் வேலை என்பது ஒவ்வோர் எண்ணையும் ஆகக் கூடிய எண்ணான 255இலிருந்து கழிப்பது, அவ்வளவுதான். கழித்தால் 41, 127, 169. உங்கள் மாமாவை மூழ்கடித்த நீலம் இதுதான். ஒளியே படாத இடம் அது, சுத்தக் கறுப்பாக வந்திருக்க வேண்டும்.

அந்தச் செம்மஞ்சளை ஏன் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். பில்முக்குள் மூன்று அடுக்கு. கழுவும்போது ஓர் அடுக்கில் சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் உண்டாகும், மற்றதில் மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மூன்றாவதில் மஞ்சள். சியான் சாயம் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் அது பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் களவெடுக்கும். மஜெந்தாவும் நீலத்தில் களவெடுக்கும். சாயம் உள்ள இடத்தில் மட்டும் களவு போனால் கணக்குத் தீர்க்க முடியாது. அதனால் சாயம் உண்டாகாத இடத்திலும் அதே அளவு களவு போகும்படி ஒரு நிறத்தைப் பில்முக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எல்லா இடத்திலும் ஒரே களவு என்றால் மொத்தமாகக் கழித்துவிடலாம் அல்லவா? 1972இல் கொடக் கொண்டுவந்த சி-41 முறையில் கழுவிய கலர் நெகட்டிவ் அநேகமாக எல்லாவற்றிலும் இந்தச் செம்மஞ்சள் இருக்கும். கடதாசியில் அடிக்கும்போது, நெகட்டிவ்வைப் பெருப்பித்துக் கடதாசியில் விழுத்தும் என்லாஜரின் தலையில் மஞ்சள், மஜெந்தா என்று இரண்டு குமிழ். அவற்றைத் திருகித் திருகித்தான் நாங்கள் அதைக் கழித்தோம். கணினியில் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

முதலில் படத்தை மறுபடி எடுங்கள். டெப்பில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறீர்கள் போல, அதை நிறுத்துங்கள். நெகட்டிவ்வைத் திரையோடு ஒட்டி வைத்ததால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதிந்திருக்கின்றன. பெயர்ப்பலகை செய்யும் கடையில் பால் வெள்ளை பேர்ஸ்பெக்ஸ் (பிளாஸ்டிக் தகடு) வெட்டுத்துண்டு கேட்டால் தருவார்கள். அதைத் திரைக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே, நான்கு மூலைக்கும் தீப்பெட்டி முட்டுக்கொடுத்து வைத்து, அதன் மேல் நெகட்டிவ். சுற்றிவரக் கறுப்பு மட்டையால் மறைத்துவிடுங்கள். அறை லைட்டை அணையுங்கள். போனில் வெளிச்சமும் நிறச் சமநிலையும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஒவ்வொரு படத்துக்கும் தன் பாட்டில் ஒரு முடிவெடுக்கும்.

பிறகு கிம்ப்பில். இன்வெர்ட் செய்ய முதலே, துளிக்குழாயால் அந்த இடைவெளி நிறத்தை எடுங்கள். புதிய லேயர் (படத்துக்கு மேல் விரிக்கும் தாள் மாதிரி) ஒன்றை அந்த நிறத்தால் நிரப்பிப் படத்துக்கு மேலே வைத்து, லேயர் மோடை டிவைட், அதாவது வகுத்தல் என்று மாற்றுங்கள். அந்த 214, 128, 86 மூன்றும் தன்னைத்தானே வகுத்து 255, 255, 255 ஆகிவிடும். செம்மஞ்சள் கழுவுப்பட்டுப் போவது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு லேயரையும் ஒன்றாக்குங்கள். இப்போது இன்வெர்ட். இடைவெளி கறுப்பாக வரும், நீலம் பெரும்பகுதி போயிருக்கும்.

மிச்சம் கலர்ஸ் மெனுவில் இருக்கும் லெவல்ஸில். ஆனால் அதற்கு முன் ஓரத்துத் துளைகளையும் இடைவெளியையும் வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் அவை கணக்கைக் குழப்பும். லெவல்ஸில் மொத்தமாகக் கை வைக்காமல் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மலை தெரியும். மலை தொடங்கும் அடிவாரத்துக்குக் கறுப்பு முக்கோணத்தையும், முடியும் அடிவாரத்துக்கு வெள்ளை முக்கோணத்தையும் நகர்த்துங்கள். இத்தனை வருசச் சூட்டில் மூன்று சாயமும் ஒரே அளவில் மங்கியிருக்காது. அதனால் நடு முக்கோணத்திலும் ஒள்ளுப்பம் வேலை இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுவது. லெவல்ஸில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று துளிக்குழாய் இருக்கும். வெள்ளைக் குழாயை எடுத்து மாமாவின் வேட்டியில் குத்த உங்களுக்குக் கை துடிக்கும். குத்தாதீர்கள். அந்தக் காலத்து வேட்டி நீலம் போட்டுத் தோய்த்தது. அதை வெள்ளை என்று கணினிக்குச் சொன்னால் அது நீலத்தைப் பிடுங்கிவிட்டுப் பந்தலையே மஞ்சளாக்கும். சாம்பல் குழாயை எடுத்து மாமாவின் நெற்றியில், திருநீறு தடிப்பாக இருக்கும் இடத்தில் குத்துங்கள். சாம்பலைப் போல ஒரு சாம்பல் நிறம் வேறெங்கே கிடைக்கும்? லேப்பில் தமிழ்க் கலியாண றோல் வந்தால் நான் முதலில் தேடுவது நெற்றியைத்தான்.

சேலையைச் சிவப்பாக்கப் பாடுபடாதீர்கள். சேலை என்ன நிறத்துக்கு வருகிறதோ வரட்டும்.

அம்மம்மாவின் கன்னத்தில் இருப்பது பூஞ்சணம் இல்லை, பென்சில். பெரிய நெகட்டிவ்வில் முகச் சுருக்கத்தையும் வடுவையும் மறைக்க, மங்கலான பக்கத்தில் ஊசி போல சீவிய பென்சிலால் தட்டித் தட்டி நிரப்புவோம். பென்சில் பட்ட இடம் வெளிச்சத்தை மறிக்கும், படத்தில் வெளுப்பாக வரும். கடதாசியில் அது தெரியாது. நீங்கள் பெருப்பித்துப் பார்ப்பதால் தெரிகிறது. ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலம் செல்லும். அதைக் கணினியில் அழித்துவிடாதீர்கள், உங்கள் அம்மம்மாவுக்காக ஒருவன் குனிந்திருந்து செய்த வேலை அது.

அக்கரைப்பற்று நானா:

இருட்டறை ஐயா சொன்னதற்கு மேல் நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒட்டிப்போன அந்த இரண்டு துண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி.

இழுத்துப் பிரிக்க வேண்டாம். வாப்பாவின் படங்கள் இப்படி ஒட்டியிருந்தன. நான் அவசரக்காரன், நகத்தை விட்டுக் கிளப்பினேன். வாப்பாவின் பாதி முகம் ஒரு துண்டில், மீதி மற்றதில். வேறொன்றைப் பூஞ்சணம் போகட்டும் என்று பைப்புத் தண்ணீரில் பிடித்தேன். படம் பாலாடை போல வழுகிக் கையோடு வந்தது. பிறகுதான் விசாரித்து அறிந்தேன்: படம் நிற்பது ஜெலற்றினில், பூஞ்சணம் அந்த ஜெலற்றினைத் தின்றுவிட்டால் அது தண்ணீரில் கரையும். பூஞ்சணம் பிடித்த நெகட்டிவ்வில் தண்ணீர் படவே கூடாது.

ஒட்டாத துண்டுகளில் தூசு என்றால் கையால் அமத்திக் காற்றடிக்கும் றப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். கை அடையாளம் இருந்தால் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த மெல்லிய துணியால், மினுங்கும் பக்கத்தை மட்டும் மெதுவாக. பார்மசியில் காயத்துக்கு விற்கும் 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர். அதை எடுக்க வேண்டாம்.

டின்னைத் திறந்ததும் வினாகிரி வாசம் வந்ததா? வந்திருந்தால் பில்மே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் எல்லாவற்றையும் இந்தக் கிழமையே படமெடுத்துவிடுங்கள்.

ஆரையம்பதிப் பிள்ளை:

நானா, வினாகிரி வாசம் இல்லை, பழைய பிஸ்கட் வாசம்கூட இல்லை. ஒட்டினதைத் தொடவில்லை.

ஐயா, இரண்டு நாள் பிடித்தது. பேர்ஸ்பெக்ஸ் துண்டு காசில்லாமலே கிடைத்தது. டிவைட் வேலை செய்தபோது நான் கத்திய கத்தில் மகன் ஓடிவந்தான். திருநீற்றில் குத்தினேன். மாமா மனிதராகிவிட்டார்! குத்துவிளக்கு பித்தளையாகிவிட்டது. வாழையிலை பச்சை, மாவிலை அதைவிடக் கரும் பச்சை, தோரணக் கயிறுகூடத் தெரிகிறது.

ஆனால் ஒரு தொல்லை. சேலையும் பச்சையாக வருகிறது. மயில்கழுத்துப் பச்சை, மஞ்சள் கரை. கூறை எப்படிப் பச்சையாக இருக்கும்? மறுபடி செய்தேன், மறுபடியும் பச்சை. அப்பா இருந்தால் கேட்கலாம். அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை, சரியாக்கிவிட்டுக் காட்டுவோம் என்று இருக்கிறேன். நான் இன்னும் எங்கேயோ பிழை விடுகிறேன்தானே?

இன்னொன்றும் கவனித்தேன். எல்லோரும் முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறார்கள்.

இருட்டறை:

முந்தானை வலது தோளில் என்றால் நெகட்டிவ்வை மாற்றிப் பிடித்து எடுத்திருக்கிறீர்கள். மினுங்கும் பக்கம் கமெராவைப் பார்க்க வேண்டும், மங்கல் பக்கம் கீழே. ஓரத்து எழுத்து நேராக வாசிக்க வந்தால் பக்கம் சரி. இதற்காக மறுபடி எடுக்க வேண்டாம், கிம்ப்பில் இடம்-வலமாகத் திருப்பிவிட்டால் போதும்.

சேலை விசயம். மாமாவின் முகம் சரி, இலை சரி, பித்தளை சரி. அதே படத்தில் சேலை மட்டும் எப்படிப் பிழைக்கும்? சாயம் ஆள் பார்த்து மாறாது. பில்மின் விளிம்பில் துளைக்கு வெளியே சின்னதாக ஓர் எண் இருக்கும், இந்தப் படத்துக்கு என்ன எண் என்று பாருங்கள். கூறை சிவப்பாக இருக்கும் படம் வேறு துண்டில் இருக்கிறதா, அதற்கு என்ன எண் என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டுங்கள். சரியாக்கிவிட்டுத்தான் காட்டுவேன் என்று நிற்க வேண்டாம்.

ஆரையம்பதிப் பிள்ளை:

இந்தப் படத்தின் எண் 6. பச்சைச் சேலை 3இலிருந்து 12 வரை. சிவப்புச் சேலை 21இலிருந்து.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தா. "இது கூறையில்லை பிள்ள. கூறை மாத்த முதல் மணவறைக்கு உடுத்துப் போன சேலை. பெரியக்கா எடுத்துத் தந்தது" என்றா. அப்படி ஒரு சேலை இருந்ததே எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேலையின் விலையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் சண்டை.

13 முதல் 20 வரை ஒட்டிப்போன அந்த இரண்டு துண்டில் இருக்கிறது. கூறை கொடுப்பதும் தாலி கட்டுவதும் அதற்குள்தான். கொழும்பில் பிரித்துத் தரக்கூடிய ஆட்கள் இருப்பார்களா ஐயா?

இருட்டறை:

விசாரித்துப் பார்க்கிறேன். நானே பிரித்துத் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன், என் கை இப்போது நடுங்கும். யாரிடம் கொடுப்பதென்றாலும் அதற்கு முன், ஒட்டியபடியே ஒளிக்கு மேல் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். இரண்டு பில்மும் சேர்ந்து வெளிச்சத்தை மறிக்கும், அதனால் போனில் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். செம்மஞ்சளும் இரட்டிப்பாக இருக்கும், பழைய எண்ணை வைத்து வகுக்காமல் இடைவெளியில் புதிதாக எண் எடுங்கள்.

ஆரையம்பதிப் பிள்ளை:

எடுத்தேன். இரண்டு இடைவெளியும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை, கொஞ்சம் விலகி இருக்கிறது. ஆனாலும் ஓர் ஓரத்தில் எண் கிடைத்தது. வகுத்தேன், திருப்பினேன், மாமாவின் நெற்றியைத் தேடினேன். அகப்படவில்லை, அதனால் நிறம் இன்னும் ஒரு மாதிரி.

ஒரு படத்துக்குள் இன்னொரு படம் தெரிகிறது. அப்பாவின் இரண்டு கையும் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி, அதற்கு ஊடாக ஒரு தட்டில் தேங்காயும் மடித்து வைத்த சிவப்புச் சேலையும். சேலையின் கரை அப்பாவின் மணிக்கட்டுக்குக் குறுக்கே போகிறது. ஒரு மூலையில் யாரோ ஒரு சின்னப் பெடியன் வாயைப் பிளந்து நிற்கிறான், எந்தப் படத்தில் என்று பிரிக்கத் தெரியவில்லை. அம்மா சின்ன மாமாவின் மூத்தவன் என்கிறா, பெரியம்மா இல்லை என்கிறா.

இதை அப்படியே கீழே போட்டிருக்கிறேன்.